மாதிரி எண் 17

விசா போட்டோவுக்கு உதடு மூடியிருக்க வேண்டும்,
பல் தெரியக் கூடாது என்றார்
பென்னாகரம் ஸ்டூடியோக்காரர்.
அதில் எனக்கு வருடக்கணக்கில் பயிற்சி உண்டு.
ஒரே கிளிக்கில் முடிந்தது.

வங்கியில்தான் நாலு மாதம் ஆனது.
எங்களுடையது கூட்டுப் பட்டா.
பெரியப்பா கையெழுத்துக்கு ஒரு ஆடு.
சித்தப்பா கையெழுத்துக்குச் சத்தியம் மட்டும்.
என்ன படிப்பு என்றார் மேனேஜர்.
நிலத்தடி நீர் என்றேன்.
"போர் போடறதுக்கு ஜெர்மனி வரைக்கும் போகணுமாம்மா?"

போனேன்.
டிரெஸ்டனில் முதல் வாரமே
திரையில் ஒரு வரைபடம்,
உலகத்து ஃப்ளோரைடு எல்லாம் சிவப்புத் திட்டாக.
பேராசிரியை லேசர் புள்ளியை நகர்த்திக்கொண்டே வந்து
தருமபுரியின் மேல் நிறுத்திவிட்டுத்
தண்ணீர் குடித்தார்.
யாரும் என் பக்கம் திரும்பவில்லை.
நானும் வாயைத் திறக்கவில்லை.

இப்போது ஆய்வுக்கு ஆறு வாரம் வந்திருக்கிறேன்.
இருபத்து நாலு போர்வெல், இருபத்து நாலு பாட்டில்,
தம்பியின் பழைய டிவிஎஸ்.
அங்கே சம்பளம் எத்தனை லட்சம் என்று கேட்கிறார்கள்.
இந்தப் போர் எத்தனை அடி என்று கேட்கிறேன்.
"எழுநூறு அடி" என்றார் ஒரு தக்காளிக்காரர்.
"கடன் அதுக்கும் கீழ போவுது."
என்னுடையதையும் சொன்னேன்.
பேசாமல் மோட்டாரைப் போட்டுவிட்டார்.

எங்கள் கொல்லைப் போர், மாதிரி எண் 17.
மீட்டர் 4.1 காட்டியது.
அம்மா எட்டிப் பார்த்தாள். "எத்தனைக்கு?"
ஒன்றரையைத் தாண்டக் கூடாது என்றேன்.
"அப்ப நாம ஜாஸ்தி வாங்கிட்டோம்."

அவள் பெயர் காவேரி.
ஒகேனக்கல் குழாய் வழியாகக் காவேரி
அவள் வாசலுக்கு வந்தபோது வயது முப்பத்து நாலு,
தரையில் உட்கார்ந்தால் எழ ஒரு கை வேண்டும்.
அந்த வருடம் பிறந்தவன் தம்பி.
வீட்டில் அவன் மட்டும்
போட்டோவில் பல் காட்டுவான்.
குழாய் வராத நாளில் இன்னும் போர்தான்.

கிளம்புவதற்கு முந்தின இரவு
ஒரு சந்தேகத்தில் மறுபடி அளந்தேன்.
பதினேழு: 0.6.
மீட்டரைச் சரிபார்த்தேன். 0.6.

"நாந்தான் மாத்துனேன்."
அம்மா அடுப்பைத் துடைத்தபடியே சொன்னாள்.
"அவ்ளோ தூரம் போற தண்ணி.
சோப்புப் போட்டுக் கழுவி
குழாய்த் தண்ணி ஊத்துனேன்.
நம்மூர ஏன் அங்க போயி கெட்டதா காட்டணும்?"

கத்தினேன்.
மாதிரி என்றால் என்ன தெரியுமா,
பதினெட்டு லட்சம் என்றால் என்ன தெரியுமா என்று.
தம்பி எழுந்து உட்கார்ந்தான்.
அவள் டார்ச்சோடு மோட்டார் போடப் போனாள்.
கரண்ட் இல்லை.

மூணு மணிக்கு த்ரீ ஃபேஸ் வந்தது.
நான் புதுப் பாட்டிலைப் பிடித்தேன்.
அவள் டார்ச்சைப் பிடித்தாள்.
"இதுலயே எழுது" என்றாள்.
எழுதினேன்.
பழையதைக் கொட்டப் போனேன், கொட்டவில்லை.
அதன் மேல் 17-அ.
ஆய்வுத் திட்டத்தில் அப்படி ஒரு எண் கிடையாது.

தருமபுரி பஸ் ஸ்டாண்டு, பெங்களூர் வண்டி.
பெட்டியை அசைத்துப் பார்த்தார் கண்டக்டர்.
"என்னம்மா, கிரானைட்டா?"
தண்ணி.
"பெங்களூருக்குத் தண்ணியா?"
ஜெர்மனிக்கு.

சிரித்தார்.
காவியேறிய பல், குறுக்கே வரிவரியாக.
எந்தப் பக்கம் என்று கேட்கத் தேவையில்லை.
இருந்தும் கேட்டேன்.
"மாரண்டஅள்ளி."
அந்தப் பக்கத்து பாட்டில் ஒன்பது,
அவர் கைக்குக் கீழேதான் இருந்தது.

நானும் சிரித்தேன்.
கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துவிட்டு
லக்கேஜுக்கு அரை டிக்கெட் கிழித்தார்.